மாரடைப்பும் வெள்ளை அணுக்களும்



இந்தப் பக்கங்களில் நான் இதுவரை பருப்பு விலை, தராசு முத்திரை, வரிக் கணக்கு என்று நமது தொழில் சம்பந்தப்பட்ட விஷயங்களையே எழுதி வந்திருக்கிறேன். இம்முறை உடம்பைப் பற்றி எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. பள்ளிப் படிப்பு முடித்த கையோடு மூட்டை எண்ண வந்தவன். ஆனாலும் எழுத வேண்டிய அவசியம் ஏற்பட்டுவிட்டது.

சென்ற சித்திரையில் எனது எதிர்க்கடைத் தம்பி காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே மார்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. வயது 46. இருபது வருடமாக "அண்ணாச்சி, சில்லறை இருக்கா?" என்று கேட்டு ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்த மனிதர். துக்கம் கேட்க வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மூன்று மாதம் முன்புதானே டெஸ்ட் எடுத்தார்? கொழுப்பு 190 தானே? 200க்குள் இருந்தால் பயம் இல்லை என்கிறார்களே, பிறகு எப்படி?"

எனக்கும் பதில் தெரியவில்லை. எனக்கு வைத்தியம் பார்க்கும் இருதய டாக்டரிடம் அடுத்த முறை போனபோது இதையே கேட்டேன். அவர் நல்ல பொறுமைசாலி. "ஐயா, கொழுப்பு பாதிக் கதைதான். மீதிக் கதை வெள்ளை அணுக்களிடம் இருக்கிறது" என்றார். வெள்ளை அணுவுக்கும் மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நான் விழித்தேன். அன்று அவர் சொன்னதையும், பின்னர் நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் நமது உறுப்பினர்களுக்குப் புரியும்படி இங்கே எழுதியிருக்கிறேன்.

இது இரும்புக் குழாய் அல்ல

நம்மில் பலர் ரத்தக் குழாயைத் தண்ணீர்க் குழாய் போல நினைக்கிறோம். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் கொழுப்பு உள்ளே ஒட்டி, படிந்து, ஒரு நாள் அடைத்துக்கொள்ளும் என்பது நமது எண்ணம். இது தவறு. ரத்தக் குழாயின் சுவர் உயிருள்ளது. அதில் மூன்று அடுக்குகள் உண்டு. வெளியே தாங்கு அடுக்கு, நடுவே சுருங்கி விரியும் தசை அடுக்கு, உள்ளே மெல்லிய உள்ளடுக்கு. அந்த உள்ளடுக்கின் மேல் ஒரே ஒரு அணுவின் கனத்தில் வழவழப்பான ஒரு தோல் விரிக்கப்பட்டிருக்கிறது. ரத்தம் உரசிக்கொண்டு ஓடுவது இந்தத் தோலின் மீதுதான்.

இருதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்களின் உள் அகலம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். ஒரு கொத்துமல்லி விதையின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய குழாயில் கொழுப்பு சேருவது தோலின் மேலே அல்ல, தோலுக்கு அடியில், சுவருக்கு உள்ளே. மேலே ஒட்டியிருந்தால் ரத்த ஓட்டமே அடித்துக்கொண்டு போயிருக்கும். சுவருக்குள் போய்ச் சேருவதால்தான் இத்தனை தொல்லை.

ரத்தத்தில் இருக்கும் மூன்று கூட்டத்தார்

ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் ஐம்பது லட்சம் சிவப்பு அணுக்கள் இருக்கின்றன. இவை பிராணவாயுவைச் சுமக்கும் கூலிகள். ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கின்றன. காயம் பட்டால் ஓட்டையை அடைப்பது இவற்றின் வேலை. வெள்ளை அணுக்கள் வெறும் 4,000 முதல் 11,000 வரைதான். எண்ணிக்கையில் குறைவு என்றாலும் உடம்பின் காவல் முழுவதும் இவற்றின் பொறுப்பு.

வெள்ளை அணுக்களிலும் பல ரகம் உண்டு. ரத்த ரிப்போர்ட்டில் 'டி.சி.' என்று இரண்டு முறை வருமே, ஒன்று மொத்த எண்ணிக்கை, மற்றது ரகவாரி எண்ணிக்கை. அதில் 'மானோசைட்' என்று ஒரு வரி இருக்கும். நூற்றுக்கு இரண்டு முதல் எட்டு வரை இருக்கும். நாம் அதைப் பார்ப்பதே இல்லை. ஆனால் நமது கதையின் முக்கியப் பாத்திரம் அதுதான். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ஒன்று முதல் மூன்று நாட்கள் ரத்தத்தில் சுற்றிவிட்டு, எங்கே தொல்லை என்று தகவல் வருகிறதோ அங்கே குழாயை விட்டு வெளியேறிச் சதைக்குள் நுழைந்துவிடும். உள்ளே போனதும் பெருத்து, கிடைப்பதை எல்லாம் விழுங்கும் அணுவாக மாறிவிடும். அப்போது அதற்குப் பெயர் 'மேக்ரோபேஜ்'. தமிழில் பெருவிழுங்கி என்கிறார்கள்.

இப்படி விழுங்கும் அணுக்கள் உடம்பில் உண்டு என்று கண்டுபிடித்தவர் ரஷ்யாவின் மெட்ச்னிகாஃப். 1882ல் இத்தாலியின் சிசிலித் தீவில், கண்ணாடி போல உடல் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ஒரு சிறு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தால் அந்த முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. இதற்காக 1908ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரக்கு வண்டியும் சிக்குப் பிடித்த எண்ணெயும்

கொலஸ்டிரால் என்பது விஷம் அல்ல. ஒவ்வொரு அணுவுக்கும் அது வேண்டிய சரக்கு. ஆனால் கொழுப்பு தண்ணீரில் கரையாது என்பது நமக்குத் தெரியும். ஆகையால் ரத்தத்தில் அது தனியாகப் போக முடியாது. எல்.டி.எல். என்ற சிறு உருண்டைகளில் ஏற்றித்தான் அனுப்பப்படுகிறது. எல்.டி.எல். என்பதைச் சரக்கு லாரி என்று வைத்துக்கொள்வோம்.

லாரிகள் அளவோடு இருந்தால் தொல்லை இல்லை. அதிகமானால் சில லாரிகள் அந்த ஒற்றை அணுத் தோலைத் தாண்டிச் சுவருக்குள் போய்விடுகின்றன. அதிலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போவதில்லை. குழாய் இரண்டாகப் பிரியும் கவட்டைகளிலும் வளைவுகளிலும்தான் அதிகம். அங்கே ரத்தம் நேராக ஓடாமல் சுழித்து ஓடுகிறது. நேரான ஓட்டம் தோலுக்கு நல்லது. சுழிப்பு அதைப் பலவீனமாக்கும். ஆற்றில் வளைவான இடத்தில் செத்தை ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல.

உள்ளே போன எல்.டி.எல். அங்கிருக்கும் நாரில் சிக்கிக்கொள்கிறது. நாள் பட்டதும் பிராணவாயுவின் வேலையால் கெட்டுப்போகிறது. நமது கடையில் கடலை எண்ணெய் டின்னை மூடாமல் வைத்தால் சிக்கு வாடை அடிக்கிறது அல்லவா? ஏறக்குறைய அதேதான். கெட்டுப்போன இந்தச் சரக்குதான் முழுக் கலாட்டாவுக்கும் ஆரம்பம்.

காவலாளி வந்தார், மூட்டையானார்

கெட்ட சரக்கு உள்ளே தேங்கியதும் மேலே இருக்கும் தோல் அபாயச் சங்கு ஊதுகிறது. சாதாரணமாக வழவழவென்று இருக்கும் அந்தத் தோல், கொக்கி போன்ற ஒட்டும் பொருள்களைத் தன் மேற்பரப்பில் நீட்டுகிறது. ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மானோசைட்டுகள் அந்தக் கொக்கியில் தட்டி, வேகம் குறைந்து, உருண்டு, நின்று, தோலின் இடுக்கு வழியாக உள்ளே நுழைகின்றன. உள்ளே போனதும் பெருவிழுங்கியாக மாறி, கெட்ட எல்.டி.எல்.லை விழுங்க ஆரம்பிக்கின்றன.

இதுவரை நடந்தது நல்ல காரியம்தான். குப்பையை அள்ள ஆள் வந்திருக்கிறது. ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல்.

நம் கடைக்கு லாரி வந்தால் நாம் என்ன செய்வோம்? இருப்பைப் பார்ப்போம். "போதும்பா, அடுத்த வாரம் வா" என்று திருப்பி அனுப்புவோம். உடம்பின் மற்ற அணுக்களும் அப்படியே. எல்.டி.எல். வந்து இறங்க ஒரு வாசல் வைத்திருக்கின்றன. போதுமான கொலஸ்டிரால் சேர்ந்ததும் வாசல்களைக் குறைத்துக்கொள்கின்றன. இந்த வாசலைக் கண்டுபிடித்த அமெரிக்க டாக்டர்கள் பிரௌன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பெருவிழுங்கிகளுக்கு வேறு ஒரு வாசலும் உண்டு என்பதைக் கண்டவர்களும் அவர்கள்தான். அந்த வாசல் மாறுபட்ட, கெட்டுப்போன எல்.டி.எல்.லை வாங்கும் வாசல். அதற்கு இருப்புக் கணக்கு கிடையாது. உள்ளே எவ்வளவு சேர்ந்தாலும் வாசல் மூடாது.

ஆகவே காவலுக்கு வந்த அணு விழுங்கி விழுங்கிக் கொழுப்புத் துளிகளால் நிரம்பிவிடுகிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சோப்பு நுரை போலத் தெரியுமாம். அதனால் இதற்கு 'நுரை அணு' என்று பெயர். மூட்டை தூக்க வந்த ஆளே மூட்டையாகிக் குடோனில் கிடப்பது போன்ற நிலை. அத்தோடு நிற்பதில்லை. அந்த அணு "இன்னும் ஆள் அனுப்பு" என்று ரசாயனத் தகவலை விட்டுக்கொண்டே இருக்கிறது. மேலும் மானோசைட்டுகள் வருகின்றன. கூடவே டி-அணுக்கள் என்ற வேறு ரக வெள்ளை அணுக்களும் வந்து பெருவிழுங்கிகளைத் தூண்டிவிடுகின்றன. நமது விரலில் முள் குத்தினால் சிவந்து, வீங்கி, சூடாகுமே, அந்த அழற்சிதான் இதுவும். வித்தியாசம் என்னவென்றால், விரலில் முள்ளை எடுத்ததும் அடங்கிவிடும். குழாய்ச் சுவரிலோ முள் தினமும் வந்துகொண்டே இருக்கிறது.

இது கிழவர்களின் வியாதி அல்ல

நுரை அணுக்கள் கூடிய இடத்தில் மஞ்சள் நிறக் கோடு போலத் தெரியும். அதைக் கொழுப்புக் கீற்று என்பார்கள். இதனால் வலியோ மூச்சு வாங்குதலோ எதுவும் இராது. ஈ.சி.ஜி.யிலும் தெரியாது.

எந்த வயதில் இது ஆரம்பிக்கும்? கொரியா யுத்தத்தில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இருதயத்தை ராணுவ டாக்டர்கள் அறுத்துப் பார்த்து 1953ல் அறிக்கை வெளியிட்டார்கள். அந்தப் பையன்களின் சராசரி வயது 22. ஓடி ஆடிய திடமான உடம்புகள். அப்படியும் நூற்றுக்கு 77 பேருக்கு இருதயக் குழாயில் இந்த நோயின் அடையாளம் ஏதோ ஒரு அளவில் இருந்தது. வைத்திய உலகமே திடுக்கிட்டது. பின்னர் வந்த ஆராய்ச்சிகளில் சிறு பிள்ளைகளிடமே கொழுப்புக் கீற்றுகள் காணப்பட்டன.

இதில் ஆறுதலான செய்தியும் உண்டு. இந்த ஆரம்ப நிலையில் சரக்கு வரத்து குறைந்தால் கீற்று கரைந்து மறையவும் கூடும். எல்லாக் கீற்றும் மாரடைப்பில் போய் முடிவதில்லை. இளம் வயதில் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கிறது.

அடுத்த கட்டம்

வரத்து குறையாவிட்டால் நுரை அணுக்கள் உள்ளேயே செத்து விழுகின்றன. செத்த அணுவை அள்ள வரும் மற்ற அணுக்களும் திணறுகின்றன. அள்ளப்படாத குப்பை கூழ் போலத் தேங்குகிறது. நடு அடுக்கிலிருக்கும் தசை அணுக்கள் மேலே ஏறி வந்து, நார் பின்னி, அந்தக் கூழின் மேல் ஒரு மூடி போடுகின்றன. மூடி கனமாக இருக்கும்வரை ஆபத்து அதிகம் இல்லை. ஆனால் அழற்சி அதிகமான இடத்தில் பெருவிழுங்கிகள் விடும் திராவகம் அந்த நாரையே அரித்து மூடியை மெலிதாக்கிவிடுகிறது.

மெலிந்த மூடி ஒரு நாள் கிழிகிறது. உள்ளே இருந்த கூழ் ரத்தத்தில் பட்டதும் தட்டணுக்கள் அதைக் காயம் என்று நினைத்து ஓடி வந்து அடைக்கின்றன. சில நிமிடங்களில் ரத்தம் உறைந்து, கொத்துமல்லி விதை அளவுக் குழாய் முழுவதும் அடைபட்டுவிடுகிறது. இதுதான் மாரடைப்பு.

டாக்டர் சொன்னதில் என்னை உலுக்கியது அடுத்த வார்த்தைதான். பல மாரடைப்புகள் ஏற்கெனவே பெரிதாக அடைத்திருந்த இடத்தில் வருவதில்லையாம். பாதிகூட அடைக்காத, ஆனால் அழற்சியால் கொதித்துக்கொண்டிருந்த இடத்தில் மூடி கிழிந்து வருகின்றனவாம். முதல் நாள் வரை மூட்டை தூக்கியவர் மறுநாள் காலை விழுவது இதனால்தான்.

நூற்றைம்பது வருடத் தகராறு

இது அழற்சி சம்பந்தப்பட்ட வியாதி என்று 1850களிலேயே ஜெர்மனியின் விர்ச்சோ சொன்னார். வியன்னாவின் ரோகிடான்ஸ்கி மறுத்தார். அழற்சி பின்னால் வருவது, காரணம் அல்ல என்பது அவர் கட்சி. 1913ல் ரஷ்யாவின் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்டிராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்துக் கொடுத்து, அவற்றின் குழாயில் அதே நோயை உண்டாக்கிக் காட்டினார். நுரை அணுக்கள் வெள்ளை அணுக்களிலிருந்து வந்தவை என்பதையும் அவர் கவனித்தார். ஆனால் உலகம் கொலஸ்டிராலை மட்டும் பிடித்துக்கொண்டு வெள்ளை அணுவை வெகு நாள் மறந்துவிட்டது. 1999ல் அமெரிக்காவின் ரஸ்ஸல் ராஸ், இது அழற்சி நோயே என்று விரிவாக எழுதிய பிறகுதான் அந்தக் கருத்து நிலைபெற்றது.

சொன்னால் போதுமா, நிரூபணம் வேண்டாமா? 2017ல் அது கிடைத்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேரிடம், அழற்சியை மட்டும் குறைக்கும், கொலஸ்டிராலைத் தொடாத கனாகினுமாப் என்ற ஊசி மருந்தைச் சோதித்தார்கள். கொலஸ்டிரால் அப்படியே இருந்தது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இருதயச் சாவு ஆகிய மூன்றும் சேர்ந்து நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைந்தது. விர்ச்சோவின் கட்சி ஜெயித்தது. ஆனால் காவலை ஒடுக்கினால் திருடன் வருவான் என்பது போல, கிருமித் தொற்றினால் சாவது அந்த மருந்து எடுத்தவர்களிடம் சற்றே கூடியது. விலையும் மிக அதிகம். ஆகவே அது இருதயத்துக்கான மருந்தாக வரவில்லை.

நம் சந்தையில் விற்கும் விதையும், ஒரு அரிசிக் கடையும்

வியாபாரிகள் ரசிக்கக்கூடிய இரண்டு விஷயங்களை இங்கே சொல்ல வேண்டும்.

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் நம்மவர்கள் கண்வலி விதை வியாபாரம் செய்வதை அறிவீர்கள். நமது மாநில மலரான செங்காந்தளின் விதைதான் அது. அந்த விதையில் கோல்சிசின் என்ற பொருள் இருக்கிறது. மூட்டில் வரும் 'கௌட்' என்ற வாத நோய்க்கு வெகு காலமாகக் கொடுக்கப்படும் மருந்து அது. வெள்ளை அணுக்களின் ஓட்டத்தைத் தடுத்து அழற்சியைக் குறைக்கும். 2020ல் வெளிவந்த ஒரு சோதனையில், இருதயக் குழாய் நோய் உள்ள 5,522 பேரில், தினம் அரை மில்லிகிராம் எடுத்தவர்களிடம் இருதய விபத்துகள் நூற்றுக்கு 31 பங்கு குறைந்தன. 2023ல் அமெரிக்க அரசு இதை இருதய நோய்க்கும் அனுமதித்தது. ஆனால் 2024ல் வந்த, ஏழாயிரம் பேர் கொண்ட இன்னொரு சோதனையில், மாரடைப்பு வந்தவுடன் இதைக் கொடுத்ததில் பலன் தெரியவில்லை. எனவே யாருக்குக் கொடுப்பது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். கண்வலிக் கிழங்கும் விதையும் கொடிய விஷம். இதைப் படித்துவிட்டு யாரும் கடையிலிருக்கும் விதையை வாயில் போட்டுவிடாதீர்கள். உயிர் போய்விடும்.

இரண்டாவது, ஸ்டாடின் மாத்திரை. ஜப்பானின் அகிரா எண்டோ என்பவர் 1970களின் தொடக்கத்தில் ஆறாயிரம் வகைப் பூஞ்சைகளையும் நுண்ணுயிர்களையும் சோதித்துப் பார்த்தார். கடைசியில் கியோட்டோ நகரத்தில் ஒரு தானியக் கடையில் எடுத்த அரிசியில் பூத்திருந்த பச்சைப் பூஞ்சையிலிருந்து, கொலஸ்டிரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருள் 1973ல் கிடைத்தது. இன்று கோடிக்கணக்கானோர் எடுக்கும் ஸ்டாடின் மாத்திரைகளுக்கு அதுதான் தாய். பூஞ்சை பிடித்த அரிசியால் நமக்கு நஷ்டம் என்று மட்டும்தான் நினைத்திருந்தோம். ஸ்டாடின் எல்.டி.எல்.லைக் குறைப்பதோடு அழற்சியையும் ஓரளவு தணிக்கிறது. மூடியைக் கனமாக்கி உறுதிப்படுத்துகிறது.

கொலஸ்டிரால் 190ல் நடந்தது எப்படி?

இப்போது எதிர்க்கடைத் தம்பியின் விஷயத்துக்கு வருவோம். 190 என்பது மொத்தக் கணக்கு. மொத்த விற்பனையைப் பார்த்து லாபம் சொல்ல முடியுமா? அதில் எல்.டி.எல். எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. அவர் தினம் ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை 150 இருந்ததை "ஆரம்பம்தான்" என்று விட்டுவிட்டார். புகையும் சர்க்கரையும் அந்த மெல்லிய தோலைப் புண்ணாக்கி, எல்.டி.எல்.லைக் கெடுத்து, வெள்ளை அணுக்களை வரவழைக்கும். சரக்கு வரத்து சுமாராக இருந்தாலும் குடோனில் நெருப்பு இருந்தது என்பதே டாக்டரின் கருத்து.

நெருப்பை மூட்டுபவை இன்னும் உண்டு. கட்டுப்படாத ரத்த அழுத்தம், தொந்திக் கொழுப்பு இரண்டும் முக்கியமானவை. ஈறு நோய் உள்ளவர்களுக்கு இருதய நோய் அதிகம் காணப்படுகிறது. தூக்கக் குறைவும் மனக் கவலையும் எலும்பு மஜ்ஜையைத் தூண்டி வெள்ளை அணு உற்பத்தியைக் கூட்டுவதாக அண்மை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பில் பாக்கியை நினைத்துப் பாதி ராத்திரியில் விழித்துக்கொள்ளும் நமக்கு இது பொருந்தும்.

அழற்சியை அளக்க ஹெச்.எஸ்.சி.ஆர்.பி. என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. ஒன்றுக்குக் கீழ் இருந்தால் நல்லது, மூன்றுக்கு மேல் போனால் கவனம் தேவை. பத்துக்கு மேல் போனால் அநேகமாக வேறு ஏதோ தொற்று அல்லது நோய் இருக்கும். காய்ச்சல், சளி இருக்கும்போது எடுக்கக் கூடாது. எல்லோருக்கும் இது தேவையில்லை. டாக்டர் சொன்னால் எடுத்தால் போதும். அதேபோல் ரத்த ரிப்போர்ட்டில் வெள்ளை அணு எண்ணிக்கை சரியாக இருப்பதால் குழாய் சுத்தம் என்று அர்த்தம் இல்லை. சண்டை நடப்பது சுவருக்குள்ளே.

நாம் செய்ய வேண்டியவை

52 நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வருவது ஏறத்தாழ 53 வயதில், மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59ல் என்று தெரிந்தது. நம் ஆட்களுக்கு ஆறு வருடம் முந்தி வருகிறது. ஆகவே 30 வயது தாண்டிய நமது பிள்ளைகளும், கடையில் வேலை செய்யும் தம்பிகளும், வீட்டுப் பெண்களும்கூட ரத்த அழுத்தம், சர்க்கரை, எல்.டி.எல். மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பீடி, சிகரெட்டை விட்டுவிட வேண்டும். குறைப்பது போதாது. கல்லாவில் பன்னிரண்டு மணி நேரம் உட்காருபவர் மணிக்கு ஒரு முறையாவது எழுந்து குடோன் வரை நடந்து வரலாம். தினம் அரை மணி நேர நடை அவசியம். வனஸ்பதியிலும் திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெயிலும் உள்ள டிரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்.லையும் அழற்சியையும் சேர்த்தே கூட்டும். 2022 ஜனவரி முதல் எண்ணெய், வனஸ்பதி வகைகளில் இது நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். விற்பவர்கள் நாம், லேபிளைப் பார்த்து வாங்கி விற்போம். பருப்பு, பயறு, கேழ்வரகு, நிலக்கடலை எல்லாம் நம் கடையிலேயே இருக்கின்றன. அதை நம் வீட்டுக்கும் கொஞ்சம் எடுத்துப் போவோம்.

மார்பில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் "கேஸ்தான்" என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் வரலாம். ஷட்டரை இறக்கக்கூட நிற்காமல் 108க்குப் போன் செய்ய வேண்டும். உறைந்த ரத்தத்தைக் கரைக்கவோ குழாயைத் திறக்கவோ டாக்டருக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

கடைசியாக எனது சொந்தத் தவறையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நான்கு வருடம் முன்பே ஸ்டாடின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் எண் இறங்கியதும் "சரியாகிவிட்டது, இனி எதற்குச் செலவு?" என்று நானாகவே நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்று டாக்டர் எல்லாவற்றையும் விளக்கி முடித்த பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. "காவற்காரனுக்குச் சம்பளம் கொடுத்ததால் திருட்டு நின்றது. திருட்டு நின்றுவிட்டதே என்று காவற்காரனை நிறுத்துவீர்களா ஐயா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் முதல் மாத்திரையை மறுபடி எடுத்துக்கொள்கிறேன்.

எதிர்க்கடையை இப்போது அவருடைய மகன் திறக்கிறான். வயது 21. கொரியாவில் இறந்த அந்தச் சிப்பாய்களின் வயது. காலை ஆறு மணிக்கு அவன் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் திக்கென்கிறது. போன மாதம் அவனைக் கையோடு கூட்டிப்போய் எல்லா டெஸ்டும் எடுக்க வைத்தேன். எல்.டி.எல். கொஞ்சம் அதிகம்தான், மற்றவை சரி. "பயப்பட ஒன்றும் இல்லை, இந்த வயதில் திருத்திக்கொள்ளலாம்" என்றார் டாக்டர். அப்பா விட்டுப்போன சிகரெட் பாக்கெட்டில் அவன் கை வைக்க மாட்டான் என்று என்னிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறான்.

வருடம் தவறாமல் இருப்புக் கணக்கு எடுக்கும் நாம், நமது உடம்பின் இருப்பையும் வருடம் ஒரு முறை எடுப்போம். வாடிக்கையாளர் நாளைக்கும் வருவார். கடை திறக்க நாம் இருக்க வேண்டும்.